ஓவனுக்குள் மகுடபதி

மைக்ரோவேவ் ஓவன் ஏன் சூடாகவில்லை என்று பார்க்க உள்ளே போன மகுடபதி, செவ்வாய்க்கிழமையிலிருந்து வெளியே வரவில்லை. கண்ணாடித் தட்டின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டனை அமுக்கினால் விளக்கு எரிந்தது. தட்டு சுற்றியது. மகுடபதியும் சுற்றினார். சூடு மட்டும் வரவில்லை.

பல்லடம் ரோட்டில் அவரும் மனைவி கலாமணியும் பேக்கரி வைத்திருந்தார்கள். இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் ஆறிப்போன பஃப்ஸ்தான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. டீ கிளாஸைக் கையில் பிடித்தபடி மகுடபதியைப் பார்த்தார்கள். சுற்றி முன்பக்கம் வரும்போதெல்லாம் அவர் கையசைத்தார்.

"அண்ணன் முன்னைக்கு இப்ப தெளிவா இருக்கறாருங்க," என்றார் ஒருவர்.

கலாமணி அசந்த நேரம் பார்த்து யாராவது பட்டனை அமுக்கிவிடுவார்கள். போன சூடு எப்போது வேண்டுமானாலும் தானாகத் திரும்பி வரலாம். அவளுடைய பயம் அதுதான்.

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தாள்.

"உள்ள ஆள் இருக்கறாருங்க."

"ஆள் ஓவனோட வந்ததுங்களா, நீங்க வச்சதுங்களா?"

"அவராத்தான் போனாருங்க."

"அப்ப வாரண்டி வராதுங்க," என்று வைத்துவிட்டார்கள்.

அவள் தானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். மிக்ஸி, கிரைண்டர், ஒருமுறை பஞ்சு மில்லின் சங்கு என்று அவள் கைபட்டு ஓடாத சாமான் கிடையாது. விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது. கதவைத் திறந்தால் உடனே நிற்கிறது. ஆகவே கதவு சுவிட்சில் கோளாறு இல்லை. சூடு உண்டாகும் இடத்தில்தான் ஏதோ ஆகியிருக்கிறது. ப்ளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டாள்.

"ஏம்புள்ள, கரண்டு போயிருச்சா?" என்றார் மகுடபதி இருட்டிலிருந்து.

"நாந்தான் புடுங்குனனுங்க. வெளிய வாங்க."

"நீ ரிப்பேரைப் பாரு. என்னைய வெளிய எடுக்கச் சொல்லி நான் கேக்கல."

ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு மேல்மூடியைக் கழற்றினாள். அதற்குப் பின்னால் இருந்த இடம் பேக்கரியைவிட நீளமாக இருந்தது. இரண்டு பக்கமும் தகரச் சுவர். ரிப்பேர் சாமான் பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள்.

முதல் திருப்பத்தில் பக்கத்து ஃபிளெக்ஸ் கடைக்காரர் தனபால் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் போன தீபாவளிக்கே, கரண்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டராகிவிட்டார். கடையை இப்போது அவர் தம்பி பார்த்துக்கொள்கிறார்.

"கிட்ட வராதீங்கம்மா. ப்ளக்கைப் புடுங்குனாலும் எனக்குள்ள இன்னும் கரண்டு இருக்குது. தொட்டா ஆளையே முடிச்சுப்போடும்."

"தெரியுமுங்ணா. அதை எறக்கத்தான் வந்தேன்."

பையிலிருந்து ரெசிஸ்டர் கோத்த ஒயரை எடுத்தாள். ரப்பர் பிடியைப் பிடித்து, ஒரு முனையை அவருடைய இடது காதிலும் மறுமுனையை வலது காதிலும் வைத்தாள். தனபால் பேச ஆரம்பித்தார்.

"உங்க பந்தல் எங்கடை போர்டை மறைக்குது. ரொம்ப நாளா சொல்லோணும்னு இருந்தேன். எம்புள்ள கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வந்தீங்க. ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்டீங்க. ஏன்னு நானும் கேக்கல..."

குரல் இறங்கிக்கொண்டே போய் நின்றது. மீட்டரை வைத்துப் பார்த்தாள். சைபர் காட்டியது. மறுபடியும் வைத்தாள். அப்போதும் சைபர்தான். அதற்குப் பிறகே அவர் தோளைத் தொட்டாள்.

"பந்தலைக் கழட்டிப் போடறமுங்ணா."

"இப்ப அதெல்லாம் பரவாயில்லைம்மா," என்றார் தனபால்.

அடுத்து ஒரு கேட் இருந்தது. காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் நின்றிருந்தார். கரண்டை ஒரே பக்கமாக விடும் டயோடு அவர்தான். அந்தக் கேட்டில் ஆட்களை ஒரு பக்கமாக மட்டும்தான் விட வேண்டும். அவர் போகிறவர்களுக்கும் சல்யூட் அடித்தார், வருகிறவர்களுக்கும் அடித்தார்.

"திரும்பி வர்றவங்களை நிறுத்தோணுமல்லங்க?"

"நிறுத்திட்டுத்தான் இருந்தனுங்க. திங்கக்கிழமை ஒரு அம்மா கைக்குழந்தையோட திரும்பி வந்துச்சுங்க. விட்டுட்டேன். அப்புறம் ஆரையும் நிறுத்த மனசு வரலீங்க."

கோளாறு இதுதான் என்று கலாமணிக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆளை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பழுது பழுதுதான். பையிலிருந்து புது வாட்ச்மேனை எடுத்தாள். அதே அளவு, அதே காக்கி. எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று சரிபார்த்து நிறுத்தினாள்.

"நான் எங்கீங்க போறது?" என்றார் பழையவர்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. அங்க ரெண்டு பக்கமும் விடோணும்."

கேட்டுக்கு முன்பக்கம் நின்றிருந்த அவர் சந்தோஷமாகப் போனார். கேட்டைத் தாண்டி நின்றிருந்த கலாமணியும் அவர் பின்னாலேயே திரும்பினாள். புது வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"திரும்பி வர்ற வழி இல்லீங்க."

"சரியாத்தான் வேலை செய்யறீங்க," என்றாள். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. திரும்ப முடியாததால் நேராக நடந்தாள். வழி குறுகி, தாழ்ந்து, கடைசியில் கண்ணாடித் தட்டில் கொண்டுபோய் விட்டது. எதிரே மகுடபதி உட்கார்ந்திருந்தார்.

அப்போது வெளியே ஒரு குரல் கேட்டது. "இங்க பாருங்க, ப்ளக்கு கழண்டு கெடக்குது. மாட்டி உட்டறட்டுங்களா?"

ஓவன் இப்போது பழுது தீர்ந்த ஓவன். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். கலாமணி கத்தவில்லை. காலால் கதவை ஓங்கி உதைத்தாள். கதவு திறந்துகொண்டது. காலை வெளியே நீட்டி அது மூடாமல் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்திருக்கும்வரை ஓவன் ஓடாது. அந்த நம்பிக்கையிருந்தும் சத்தமாகச் சொன்னாள்:

"ஆரும் ப்ளக்கைத் தொடாதீங்க. மூடி இன்னும் மாட்டல."

ப்ளக் மறுபடி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. அவள் புருஷனிடம் திரும்பினாள்.

"இனிச் சூடாகும். எந்திரிங்க."

மகுடபதி தட்டைத் தடவினார். "வெளிய கல்லாவுல உக்காந்திருக்கையில என்னைய ஆரு பாத்தா? காசைத்தான் பாத்தாங்க. இங்க வந்தப்புறம்தான் மூஞ்சியப் பாக்கறாங்க."

"நானும் பாக்கலீங்களா?"

"நீயும் பாக்கல."

கலாமணி யோசித்தாள். பார்த்ததாக எந்த நாளும் ஞாபகத்துக்கு வரவில்லை. "நெசந்தானுங்க," என்றாள். "வெளிய வாங்க, பாக்கறேன்."

அவள் முதலில் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மகுடபதியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். எப்போதும் இருக்கும் உயரம்தான் இருந்தார்.

அவள் மூடியை மாட்டி எல்லாத் திருகையும் முடுக்கினாள். தட்டில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாள். பிறகே ப்ளக்கை மாட்டினாள். தண்ணீர் சுற்றியது. வெளியே எடுத்தபோது ஆவி பறந்தது. அடுத்து பஃப்ஸ் வைத்தாள். கடை முழுவதும் வெங்காய வாசம் எழுந்தது. எல்லோரும் ஊதி ஊதித் தின்றார்கள். கல்லா நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகுடபதியை யாரும் பார்க்கவில்லை.

கலாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்க்க வேண்டியதாயிற்று.

"உங்காதுகிட்ட ஒரு மச்சம் இருக்குதே," என்றார்.

"இருக்குதுங்க."

"எப்ப வந்தது?"

"பொறக்கையிலயே இருக்குதுங்க."

"அப்படியா," என்று அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்திக்கொண்டார்.

யாரோ ரெண்டு டீ கேட்டார்கள். இருவரும் எழவில்லை. வாடிக்கையாளர்கள் தாங்களே டீ போட்டுக் குடித்தார்கள். கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்தார்கள். பிறகு நல்ல வெயில் நேரத்தில், சத்தம் வராமல் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள். உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கை மட்டும் யாரும் அணைக்கவில்லை.