ஆணி அடிக்காத ஸ்டாண்டு

கட்டிலுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல ஒரு ஆள் ஒருக்களிச்சு நிக்கிற அளவுக்குத்தான் இடம். அதுல நான் நின்னுக்கிட்டிருந்தேன். ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கு. வாசல்ல ஸ்டாண்டு மாட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு அந்தப் பக்கம் என் அண்ணனும் என் வீட்டுக்காரரும். ரெண்டு பேரும் சேர்ந்து, ரொம்ப அன்பா, என்னை உள்ள வெச்சு அடைச்சுட்டாங்க.

முதல்லேர்ந்து சொல்லிடறேன், இல்லேன்னா நான் ஏதோ சும்மா கத்துற பொம்பளைன்னு நினைச்சுக்குவீங்க.

நான் டென்டல் லேப்ல வேலை பாக்கிறேன். டாக்டருங்க அச்சு எடுத்து அனுப்புவாங்க, நாங்க பல் கட்டித் தருவோம். பீங்கான் பல்லுக்கு நிறம் ஏத்துறது என் வேலை. பல்லுன்னா வெள்ளைன்னு எல்லாரும் நினைச்சுக்கிட்டிருக்காங்க. ஒரே பல்லுல ஈறு பக்கம் ஒரு மஞ்சள், நடுவுல ஒரு மஞ்சள், நுனியில லேசா ஒரு சாம்பல் நீலம். அதைப் பாத்துப் பாத்துத் தீட்டணும். பகல் பூரா அதைச் செஞ்சுட்டு வீட்டுக்கு வந்தா, சாயங்காலம் நான் பூதம் வரைவேன். மூணு கண்ணு இருக்கும், காதே இருக்காது, முதுகுல செடி முளைச்சிருக்கும். ஆனா பல்வரிசையில மட்டும் ஒருத்தரும் குறை சொல்ல முடியாது.

காமிக்ஸ் பைத்தியங்களும் பொம்மைப் படப் பைத்தியங்களும் வருஷா வருஷம் கூடுற பெரிய கன்வென்ஷன் ஒண்ணு நடக்கும். அதுல படம் வரையறவங்களுக்குன்னு தனியா ஒரு ஹால். ஆளுக்கு ஒரு மேஜை, உக்காந்து நம்ம படத்தை நாமே விக்கலாம். நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிட்டேன், இடம் இல்லைன்னே பதில் வரும். இந்தத் தடவை கிடைச்சிருச்சு. ஒரே ஒரு கண்டிஷன். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்குள்ள நம்ம மேஜையில கடையைப் பரப்பி வெச்சிடணும். எட்டு மணிக்குக் காலியா இருந்தா, வெளிய காத்துக்கிட்டிருக்கிற இன்னொருத்தருக்கு அந்த மேஜை போயிரும்.

எனக்கு வேண்டியதெல்லாம் கம்பி வலைத் தட்டி ரெண்டு, கொஞ்சம் கிளிப். எல்லாரும் அதைத்தான் வெச்சுக்குவாங்க. படத்தைக் கிளிப்ல மாட்டலாம், முடிஞ்சதும் மடக்கிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வந்துடலாம். இதைப் போய் அண்ணன்கிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன்.

"கம்பி வலையா? நீ என்ன கோழி விக்கவா போறே?"ன்னான்.

அண்ணனுக்குத் தச்சு வேலை. கெட்டிக்காரன், அதை இல்லேங்கமாட்டேன். ஆனா ஒரு வேலையைக் கையில எடுத்துட்டான்னா அது அவனோடதா ஆயிரும். என்னை இன்னும் பாப்பான்னுதான் கூப்பிடுவான். எனக்குப் பாதித் தலை நரைச்சாச்சு, டை அடிக்கிறதைக் கூட நிறுத்திட்டேன், ஆனாலும் பாப்பா. "பாப்பா முதல் முதலா கடை போடறா, நான் இருக்கும்போது அவ கம்பி வலையைத் தூக்கிக்கிட்டுப் போகணுமா"ன்னு என் வீட்டுக்காரர்கிட்ட கேட்டான். "மச்சான் சொல்றது சரிதான்"னார் இவர். இவருக்கு அந்த ஒரு வரிதான் தெரியும். கல்யாணத்தன்னைக்கே மனப்பாடம் பண்ணிட்டு வந்திருப்பார் போல.

அப்புறம், படம் மாட்டுறதுக்கு மர ஸ்டாண்டு செய்யறேன்னு மரம் வந்திறங்குச்சு. வெளிய தூறல், ஈரம் பட்டா பசை பிடிக்காதுன்னு எங்க வீட்டுச் சின்ன ரூம்லயே வேலையை ஆரம்பிச்சான். நான் படம் வரையற ரூம் அதுதான். கட்டில் மேல பூரா மரத்தூள். பெயின்ட் டப்பாவை எல்லாம் சமையல்கட்டுக்குக் கொண்டு போயிட்டேன். பின்னாடி ஒரு பலகைச் சுவர், ரெண்டு பக்கமும் சிறகு மாதிரி நீட்டிக்கிட்டு ரெண்டு பலகை, கீழ படிக்கட்டு மாதிரி தட்டு. ஒரு ஆணி கிடையாது, ஒரு ஸ்க்ரூ கிடையாது. மரத்துல துளை போட்டு, அதுக்குள்ள மரத்தையே செருகி, பசை வெச்சு இறுக்கினது. "யானை ஏறி நின்னாலும் அசையாது"ன்னு தட்டிக் காட்டினான். யானை எதுக்குண்ணே என் கடைக்கு வருதுன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே உப்புத்தாள் தேய்ச்சான்.

"அளவு எல்லாம் சரியா இருக்காண்ணே?"

"மேஜை அளவைத்தான் அவங்களே மெயில்ல அனுப்பிட்டாங்களே. நூல் பிசகாது."

நூல் பிசகலை. மேஜைக்கு அப்படியே பொருந்தும். கதவை யாரும் அளக்கலை, அவ்வளவுதான். ஆயுசு பூரா கதவும் நிலையும் செஞ்சவன், அந்தக் கதவு வழியா நாள் பூரா போயிட்டு வந்துக்கிட்டிருந்தவன், அதை மட்டும் அளக்கலை.

இன்னைக்கு மத்தியானம் பசை நல்லா இறுகினதும் தூக்கிப் பாத்தோம். அவங்க ரெண்டு பேரும் வெளியிலேர்ந்து இழுக்க, நான் உள்ளேர்ந்து தள்ள. பாதி தூரம் வந்துச்சு. ஒரு சிறகு வெளிய போச்சு, படித் தட்டு நிலையில போய்க் கெட்டியா மாட்டிக்கிச்சு, இன்னொரு சிறகு கட்டில் காலுக்குப் பின்னாடி போய்க் குத்திக்கிச்சு. முன்னாடியும் போகலை, பின்னாடியும் வரலை. அண்ணன் சுவர்ல கால் ஊனி இழுத்தான். காரை உதிர்ந்ததுதான் மிச்சம். "கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ச்சா..."ன்னு இவர் ஆரம்பிச்சார். "மாப்பிள்ளை, நீங்க சும்மா இருங்க"ன்னான் அண்ணன். மச்சான் சொல்றது சரிதான்னு இவரும் சும்மா இருந்தார்.

பலகைக்கும் நிலைக்கும் நடுவுல ஒரு கை போற இடைவெளி. அது வழியா அண்ணனோட ஒரு கண்ணு தெரிஞ்சுது.

"பயப்படாத பாப்பா."

"பயப்படலை. அறுத்து விடு."

அந்தக் கண்ணு மறைஞ்சுது. "அறுக்கிறதா? ஸ்க்ரூ போட்டதுன்னா கழட்டலாம். இதை அறுத்தா அதோட முடிஞ்சுது. நாளைக்குக் காலையில ஆளைக் கூட்டிட்டு வந்து நிலையைக் கழட்டிடலாம். வீட்டு ஓனர் அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்"னான்.

"காலையிலயா? எட்டு மணிக்குள்ள நான் அங்க இருக்கணும்ணே."

அவங்க ரெண்டு பேரும் தள்ளிப் போய்க் குசுகுசுன்னு பேசினாங்க. நான் கட்டில்ல உக்காந்தேன். என் படமெல்லாம் கட்டில் மேல அட்டைப் பெட்டியில இருக்கு. ஒவ்வொண்ணும் உறை போட்டு, பின்னாடி அட்டை வெச்சது. பச்சைப் பூதத்தை மட்டும் பிரின்ட் கடைக்காரர் முதல்ல நீலமா அடிச்சுக் குடுத்தார். ஸ்கிரீன்ல அப்படித்தான் தெரியுதுன்னார். ஸ்கிரீன் கிடக்கட்டும், கண்ணால பாருங்கன்னு ஜன்னல் வெளிச்சத்துல வெச்சுக் காட்டித் திரும்ப அடிக்க வெச்சேன். அப்படி அலைஞ்சது.

ஒண்ணு சொல்லணும். அங்க உக்காந்திருந்தப்ப எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு. போக முடியாதுல்ல, நான் என்ன பண்ணுவேன். சின்னப் பசங்களா கூடியிருக்கிற இடத்துல நான் போய் உக்காந்து, வர்றவங்க போறவங்க என் பூதத்தை ஒரு பார்வை பாத்துட்டு, பாவம்னு ஒரு சிரிப்பு சிரிச்சுட்டு அடுத்த மேஜைக்குப் போறதை நாள் பூரா பாத்துக்கிட்டு இருக்க வேண்டாம். ஸ்டாண்டு மாட்டிக்கிச்சுன்னு காலத்துக்கும் சொல்லிக்கலாம். அண்ணன் பண்ணின வேலைன்னு சொல்லிக்கலாம். அந்த நிம்மதி எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

மறுபடியும் அந்தக் கண்ணு வந்துச்சு. இப்ப அதுல ஒரு தெளிவு.

"பாப்பா, ஒரு யோசனை. நீ படத்தை எல்லாம் ஒண்ணொண்ணா இந்தச் சந்து வழியா குடுத்துரு. நானும் மாப்பிள்ளையும் போய்க் கடையைப் போட்டுடறோம். மேஜை நம்மளது ஆயிரும். நீ இங்கயே நிம்மதியா படுத்துக்க. சாப்பாடு இப்படியே உள்ள நீட்டிடறோம்."

"நான் இல்லாமயா?"

"நீ வந்து என்ன பண்ணப் போறே? படம் ரெடியா இருக்குல்ல. விக்கிறது எங்க வேலை. உனக்கு நாலு பேர்கிட்ட பேச வராதுன்னு எனக்குத் தெரியாதா? அவங்க அனுப்பின, கழுத்துல மாட்டுற அட்டையையும் குடுத்துரு, மாப்பிள்ளை போட்டுக்கட்டும்."

அந்த அட்டை படப் பெட்டியிலயே மேலாக இருந்துச்சு. அதுல கொட்டை எழுத்துல 'ஓவியர்'னு போட்டிருக்கும். வந்த அன்னைக்குப் பாத்ரூம் கண்ணாடி முன்னாடி கழுத்துல மாட்டிப் பாத்துட்டு, யாராவது பாக்கறதுக்குள்ள கழட்டினது.

படமெல்லாம் அந்தச் சந்து வழியா போயிரும். அட்டை போயிரும். எல்லாம் போய் மேஜையில உக்காந்துக்கும், நான் இங்க சோத்துத் தட்டுக்குக் கை நீட்டிக்கிட்டுக் கிடப்பேன். அதை நினைச்சதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ருன்னு ஏறுச்சு. நிம்மதியாவது மண்ணாவது.

"அண்ணே, எனக்குக் காலேஜ்ல ஓவியத்துக்கு இடம் கிடைச்சப்ப என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"இப்ப எதுக்கு அதெல்லாம்?"

"நிறந்தானே பாப்பா, பல்லுக்கும் நிறந்தான்னு சொல்லி லேப்ல சேத்துவிட்டே. நல்ல வேலை. இன்னைக்கு வரைக்கும் ஒரு குறை இல்லை. மாப்பிள்ளை நீ பாத்தே. நல்ல மனுஷன்." அந்தப் பக்கம் இவர் தொண்டையைச் செருமினார். "வீடும் நீதான் பாத்தே. உன் வீட்டு மாடியில நின்னா என் சமையல்கட்டு தெரியும். நீ செய்யறது எல்லாமே இப்படித்தாண்ணே. உறுதியா இருக்கும், அழகா இருக்கும், ஒரு ஆணி தெரியாது. உள்ள இருக்கிறவ வெளிய வர மட்டும் வழி இருக்காது."

சந்துல தெரிஞ்ச கண்ணு கீழ இறங்குச்சு.

"நான் உனக்கு நல்லதுதானே செஞ்சேன்?" குரல் இறங்கிப் போயிருந்துச்சு.

"ஆமா. அதனாலதான் இத்தனை வருஷமா உன்கிட்ட சண்டை போட முடியலை. ரம்பத்தைக் குடு."

"நானே அறுத்து..."ன்னு எழுந்தான். ரம்பத்தைப் பலகை மேல வெக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்படியே நின்னுபோச்சு. அவனால முடியலை. அவன் கையால இழைச்ச மரம், எனக்குப் புரியுது. எனக்கு அழுகை வந்துச்சு, ஆனா கோபம் கொஞ்சமும் குறையலை. ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும்னு அப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

"நாளைக்கு நிலையைக் கழட்டினா ஸ்டாண்டும் பொழைச்சுக்கும், நிலையும் பொழைச்சுக்கும். சரிதானே மாப்பிள்ளை?"ன்னான்.

நானும் காத்துக்கிட்டிருந்தேன், அந்த ஒரு வரி எப்ப வரும்னு. வரலை. வந்தது ரம்பத்தோட கைப்பிடி. சந்து வழியா, கீழ, தரையோட ஒட்டி, இவர் விரல் தெரிய மெதுவா உள்ள வந்துச்சு.

மரம் அறுத்து எனக்குப் பழக்கமில்லை. லேப்ல அச்சு அறுப்பேன், அது வேற. முதல் இழுப்புலயே ரம்பம் துள்ளிக் கையைக் கீறிடுச்சு. கட்டில்ல முட்டி போட்டுக்கிட்டு, கண்ணீர் மறைக்க மறைக்க, கட்டில் பக்கம் இருந்த சிறகுல ரம்பத்தைத் தேய்ச்சேன். அவன் எனக்காகப் பூப்போல வழவழப்பாக்கின விளிம்பு அது. வெளியிலேர்ந்து அண்ணன் பொறுக்க மாட்டாம முனகினான்.

"இழுக்கும்போது அழுத்தாத பாப்பா. தள்ளும்போது அழுத்து."

"வாயை மூடுண்ணே."

ஆனா தள்ளும்போதுதான் அழுத்தினேன். அறுபட ஆரம்பிச்சுது.

சிறகு கழண்டு கட்டில்ல விழுந்ததும் ஸ்டாண்டு ஒரு சாண் பின்னாடி சரிஞ்சுது. அந்த இடைவெளியில படப் பெட்டியை முதல்ல வெளிய தள்ளிட்டு, பின்னாடியே நானும் நழுவி வந்தேன். ஜாக்கெட்டுத் தோள் கிழிஞ்சுது. அண்ணன் கூடத்துல சுவரைப் பாத்துத் திரும்பி உக்காந்திருந்தான். இவர் என் கையில துணியைச் சுத்தினார்.

"படத்தை எதுல மாட்டுவே?"

"மாட்டலை. மேஜையில படுக்க வெச்சுக்கிறேன்."

வேன் சாவி அண்ணன்கிட்ட. அதை எடுத்துக்கிட்டு எழுந்து வந்தான். நான் அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, பெட்டியை மடியில வெச்சுக்கிட்டு முன் சீட்டுல உக்காந்திருந்தேன். ஹால் வாசல்ல ஆளுங்க தட்டியும் கிளிப்பும் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டிருந்தாங்க, எல்லாம் கம்பி வலை. அண்ணன் அதையெல்லாம் ஒண்ணொண்ணா பாத்தான். அப்புறம் பெட்டியை என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டு முன்னாடி நடந்தான்.

கதவுல நின்ன ஆள் அவன் கழுத்தைப் பாத்தார், என் கழுத்தைப் பாத்தார். "அட்டை இருக்கிறவங்க மட்டும்தாங்க உள்ள"ன்னார்.

அண்ணனுக்கு அது முதல்ல புரியலை. "நான் அவளோட அண்ணன்"னான். உலகத்துல எந்தக் கதவும் அதுக்குத் திறக்கும்னு நினைக்கிறவன். அந்த ஆள் மறுபடியும் அதையே சொன்னார், மரியாதையாத்தான்.

நான் பெட்டிக்குக் கை நீட்டினேன். குடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு.

"எப்ப வெளிய வருவே பாப்பா?"

"தெரியலைண்ணே."

உள்ள போய் என் மேஜையைக் கண்டுபிடிச்சேன். வெறும் மேஜை, ஒரு நாற்காலி. பச்சைப் பூதத்தை எடுத்து நடுவுல வெச்சேன். மீதிப் படத்தை ரெண்டு பக்கமும் அடுக்கினேன். நாளைக்கு ஒருத்தர் கூட இதை வாங்கலைன்னா, இனிமே அதுக்கு அண்ணன் காரணம் இல்லை.