முருங்கை கலந்த தீனி

முட்டை கையிலேயே அமுங்கிப்போனது. ஓடு இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய தோல் மட்டும் இருந்தது. விரலிடுக்கில் மஞ்சள் கரு வழிய, சரளா கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். தகரக் கூரையின் கீழ் வெள்ளை லெகார்ன் கோழிகள் அலகைத் திறந்து, இறக்கைகளை உடம்பில் ஒட்டவிடாமல் தூக்கிப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. விடிந்ததும் வைத்த தீனி தொட்டியில் அப்படியே கிடந்தது. மூலையில் ஒன்று கழுத்தை மண்ணில் நீட்டிப் படுத்திருந்தது. தொட்டுப் பார்த்தாள். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

அறுபத்திரண்டாம் வருஷத்துச் சித்திரை அது. பெங்களூரில் அப்படி ஒரு வெயிலை அவள் பார்த்ததில்லை. அல்சூர் ஏரிப் பக்கம்கூடக் காற்று அசையவில்லை. அப்பா படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அவருக்குக் கஞ்சி வைப்பதும் துணி மாற்றுவதுமாக அவளுடைய கல்யாண வயசு கரைந்துபோயிருந்தது. அவர் போன பிறகுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, தனக்கென்று ஒன்று கேட்டாள். கொல்லையில் கோழி வளர்க்கவேண்டும். பஸ் ஓட்டும் அண்ணன் பச்சைமுத்து சிரித்தான், பிறகு தகரம் வாங்கிவந்து கூண்டு அடித்துக் கொடுத்தான். இப்போது காலையில் முட்டைக் கூடையோடு ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்களில் அவள் நடந்தால், கேட்டுக்குக் கேட்டு யாராவது அவளுக்காகக் காத்திருந்தார்கள். அப்பாவின் மகள், பச்சைமுத்துவின் தங்கை என்பதெல்லாம் அந்தத் தெருக்களில் யாருக்கும் தெரியாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

ஆனால் அண்ணன் கல்யாணப் பேச்சை விடவில்லை. அடுகோடியில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் முனிகிருஷ்ணன், மனைவியை இழந்தவர், நல்ல மனுஷன் என்று ஆரம்பித்தான். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். "இந்தக் கோடைய உன் கோழிங்க தாண்டிச்சின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா நீ நான் சொல்றதக் கேக்கணும். சரியா?" சரி என்று அவளும் சொல்லியிருந்தாள். அப்போது மாசிக் குளிர். கோழிகள் தினமும் தவறாமல் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

செத்த கோழியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அவள் ஹெப்பாளத்துக்குப் பஸ் ஏறினாள். அங்கே கஸ்தூரிரங்கன் என்ற கால்நடை டாக்டர் அதை அறுத்து, குடல் ஈரல் எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டுக் கை கழுவினார்.

"நோய் ஒண்ணும் இல்லேம்மா. உஷ்ணம் தாங்கலே, வெளிதேசத்து ஜாதி. மூச்சு வாங்கி வாங்கியே உடம்புல இருக்கிற சத்தெல்லாம் போயிடறது. தீனியும் எடுக்கறதில்லே. அப்புறம் முட்டைக்கு ஓடு எங்கேர்ந்து வரும்?"

"மருந்து எதனா இருக்குதா சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "சீமை மருந்து இப்போ கிடைக்கறதில்லே. எனக்கு ஒரு யோசனை இருக்கு. முருங்கை இலையை நிழல்ல உலர்த்திப் பொடி பண்ணுங்கோ. காஞ்ச நெல்லிக்காய், அதான் நெல்லிமுள்ளி, அதையும் இடிச்சு, ரெண்டையும் தீனியில கலந்து போட்டுப் பாருங்கோ. பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நான் இன்னும் யாருக்கும் குடுத்துப் பார்க்கலே."

"அப்ப என் கோழிங்கள வச்சுத்தான் பாக்கப் போறீங்களா?" கேட்ட பிறகுதான் பயம் வந்தது அவளுக்கு.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆமாம்மா. பலிச்சா வந்து சொல்லுங்கோ. பலிக்கலேன்னாலும் வந்து சொல்லுங்கோ."

வீட்டில் கட்டில் மேலெல்லாம் வேட்டி விரித்து முருங்கை இலை உலர்ந்தது. அண்ணி முணுமுணுத்தாள். நாட்டு மருந்துக் கடையில் வாங்கிவந்த நெல்லிமுள்ளியை உரலில் இடித்து, இரண்டையும் சலித்து, தவிடும் சோளக் குருணையும் பிண்ணாக்கும் சேர்த்த தீனியில் கலந்து வைத்தாள். கோழிகள் ஒரு கொத்துக் கொத்தித் தலையை உதறின. பச்சைப் பொடி பறந்து தரையில் விழுந்தது. மறுநாள் இன்னொன்று செத்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் அடுத்த பங்கையும் இடித்தாள். அதில் தண்ணீர் தெளித்துப் பிசறி, பிடித்தால் பிடிபடும் உதிர்த்தால் உதிரும் பதத்துக்குக் கொண்டுவந்தாள். விடிந்து சூடு ஏறும் நேரத்தில் வைப்பதால்தான் தொடவில்லையோ என்று தோன்றியதால் காக்கை கரையும் முன்பே எழுந்து தொட்டியை நிரப்பினாள். சில கோழிகள் தின்றன. சில அவளையே பார்த்துக்கொண்டு நின்றன.

இந்த நிலைமையில்தான், கோடை பாதிகூடத் தாண்டாதபோது, அண்ணன் வாக்கை மறந்துவிட்டு முனிகிருஷ்ணன் வீட்டாரைப் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தான். "சும்மா பாத்துட்டுப் போவட்டுமே" என்றான். ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில் முனிகிருஷ்ணனும் அவருடைய அக்கா பாஞ்சாலியும் வந்து இறங்கியபோது சரளா கொல்லையில் இருந்தாள். ஒரு கோழி துவண்டு கிடந்தது. அதன் கால்களைத் தண்ணீரில் நனைத்து, ஈரக் கோணியால் விசிறிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை தவிடு. அண்ணி வந்து கூப்பிட்டாள், அண்ணன் வந்து பல்லைக் கடித்தான். அவள் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. கனத்த உடம்பும் நரைத்த மீசையுமாக முனிகிருஷ்ணன் வேப்பமர நிழலில் வந்து நின்றார்.

"பிசிலு ஜாஸ்தி ஆயிடுச்சு இந்த வருஷம்" என்று வெயிலைப் பற்றிப் பொதுவாகச் சொன்னார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். "சூடு மேல போறதுக்கு வழியே இல்லியே. உள்ள அடுப்பாட்டம் இருக்குது."

அவர் குந்தி உட்கார்ந்து கோணியின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக விசிறினார்கள். வீட்டுக்குள் பாஞ்சாலியின் குரல் உயர்ந்தபோது அவர் தன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இன்னொரு கல்யாணத்துல மனசில்ல. அக்காவுக்கு எதிர் பேசிப் பழக்கமில்ல, அதான் வந்தேன். நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா..."

சரளாவின் கை நின்றது. "ஐயோ! வேணாம்னு நீங்களே சொல்லிடுவீங்கன்னு நான் பாத்துட்டிருந்தேனுங்க."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. சத்தம் வெளியே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். அவளும் வாயைப் பொத்தப் போய், முகமெல்லாம் தவிடாக்கிக்கொண்டாள். எத்தனை நாளைக்குப் பிறகு சிரிக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. துவண்டு கிடந்த கோழி அந்தச் சந்தடியில் தலையைத் தூக்கி, தள்ளாடி எழுந்து, தண்ணீர்ச் சட்டியில் அலகை விட்டது.

"நானே சொல்றேன்" என்றாள்.

அப்படியே, தவிட்டுக் கையோடு கூடத்துக்குப் போனாள். "எனக்கு இஷ்டமில்லைங்க. அவரு மேல ஒரு குறையும் இல்ல. நான் இப்படியே இருந்துக்கறேன்." பாஞ்சாலி காபித் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். பச்சைமுத்து தங்கையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. வாசலில் முனிகிருஷ்ணன் மட்டும் சாவகாசமாகச் செருப்பு மாட்டிக்கொண்டு, "தகரம் வெட்டுற கத்திரி எடுத்தாறேன், கூண்டுக்கு மேல ஜன்னல் மாதிரி வெட்டி உட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சொன்னபடி ஒரு காலையில் வந்தார், வெட்டினார், மோர் குடித்தார், போனார்.

அண்ணன் பேசாமலே இருந்தான். அவளும் வற்புறுத்தவில்லை. விடியுமுன் எழுவதும் இடிப்பதும் பிசறுவதும் விசிறுவதுமாக நாள்கள் போயின. எந்த நாளில் மாறியது என்று அவளால் சொல்ல முடியாது. முருங்கையாலா, நெல்லிமுள்ளியாலா, கூரையில் வெட்டிய வழியாலா என்றும் தெரியாது. ஒரு நாள் தொட்டி காலியாக இருந்தது. பிறகு தினமும் காலியாக இருந்தது. சாவு நின்றது, முட்டை ஓடும் கெட்டியானது. ஹெப்பாளத்துக்குப் போய்ச் சொன்னபோது கஸ்தூரிரங்கன் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "எத்தனை பிடி போட்டேள்? ஈரமாவா, உலர்ந்தா? உட்காருங்கோ, முதல்லேர்ந்து சொல்லுங்கோ."

அன்று சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது கொல்லையில் சத்தம் கேட்டது. பச்சைமுத்து காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொரட்டியோடு முருங்கை மரத்தடியில் நின்றிருந்தான். ஒரு கிளையை வளைத்து இழுத்தான். அது படக்கென்று முறிந்து அவன் மேலேயே விழுந்தது.

"இது போதுமா, இன்னும் ஒண்ணு ஒடிக்கட்டுமா?" என்றான், அவள் பக்கம் திரும்பாமல்.

பொடிப்பொடியாக இலை அவன் தலைமயிரிலும் தோளிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கோழிகள் வரிசைகட்டி நின்று, கழுத்தைச் சாய்த்து, அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.