கொவ்தோர் படிகம்

என் கணவர் யெகோர், ரஷ்யாவின் வடகோடியில் இருக்கும் கொவ்தோர் சுரங்கத்திலிருந்து கடைசியாகக் கொண்டுவந்த படிகத்தை ரிம்மா அரைத்துவிட்டாள். அவள் எங்கள் ஆய்வகத்தில் வேதியியல் பிரிவு. கண்ணில் பட்டதையெல்லாம் கல்வத்தில் போடுகிறவள்.

"எதுக்குடி அரைச்ச?"

"என்னென்ன சேர்ந்திருக்குன்னு பாக்கத்தான். மக்னீசியம், அலுமினியம், தண்ணி, ஒண்ணும் குறையல. எல்லாம் இந்தப் பொடியிலதான் இருக்கு."

"இருக்கும். அடுக்கு எங்க?"

ஏட்டின்மேல் ஏடாக அமைந்த கல் அது. அந்த வரிசை இரண்டு ஏட்டுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்றேன் நான். மூன்று என்றார் யெகோர். முழுப் படிகத்தை வைத்துப் பார்த்துவிடலாம் என்றிருந்தோம். அரைத்தால் வரிசை கலைந்துவிடும்.

ரிம்மாவோடு நான் பேச்சை நிறுத்தினேன். யெகோர் இறந்த நாற்பதாம் நாள் சடங்குக்கு முந்தின நாள், வெளிச்சமே வராத டிசம்பர் மதியம், வீட்டுக்கு வந்தால் அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாவி அவளிடமும் ஒன்று உண்டு. யெகோர் நாற்காலியில் கழற்றிப் போட்டுவிட்டுப் போன துணிகள் துவைத்து மடிக்கப்பட்டு அலமாரியில் இருந்தன.

"ஒண்ணையும் தூக்கிப் போடல. எல்லாம் இருக்கு, பாரு," என்றாள்.

காலி நாற்காலியைப் பார்த்தேன். சட்டைமேல் மப்ளர் கிடந்ததா, மப்ளர்மேல் சட்டையா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.