இடித்துவிட்டு ஓடியவள்

சலவை வேன் ஓட்டும் ஹாரன் அக்காவுக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. சந்தோ முக்கோ, இரண்டு தடவை ஹாரன் அடிக்காமல் திரும்பமாட்டாள். அன்று காலையும் அடித்தாள். ஆனாலும் சந்துக்குள்ளிருந்து தனக்குப் பொருந்தாத பெரிய சைக்கிளில் பாய்ந்து வந்த ஒரு சிறுமி, நேராக வேனின் முகப்பில் மோதி விழுந்தாள்.

அக்கா பிரேக்கை மிதித்து இறங்குவதற்குள் சிறுமி எழுந்துவிட்டாள். பள்ளிச் சீருடை, இரட்டைச் சடை, பத்து வயது இருக்கும். அக்காவைப் பார்த்தாள், வேனைப் பார்த்தாள், சைக்கிளை அப்படியே போட்டுவிட்டுத் தலைதெறிக்க ஓடினாள். "நில்லும்மா, அடிபட்டுச்சா?" என்று அக்கா கூப்பிட்டது காற்றோடு போயிற்று.

எதிரே கடைவைத்துச் சாவி செய்பவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அவளே ஓடிட்டா. நீங்களும் கிளம்புங்க, எதுக்கு வம்பு?" என்றார்.

கிளம்பியிருக்கலாம். வேன் நிறைய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய படுக்கை விரிப்புகள். ஆனால் போன மாதம்தான் புதுச் சட்டம் வந்திருந்தது. இடித்துவிட்டு நிற்காமல் போனால் பத்து வருஷம்வரை சிறை என்று ஊரெல்லாம் பேச்சு. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும், அந்தப் பிள்ளை வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓடியது அக்காவின் கண்ணிலேயே நின்றது. காவல் நிலையத்துக்குப் போன் போட்டாள்.

"இடிச்சது யாரு?" என்றார் காவலர்.

"என் வண்டிதான் சார்."

"ஓடிப்போனது?"

"அந்தப் பொண்ணு."

"இடிபட்டவங்க ஓடினா என்னன்னு எழுதுறது? சரி, இருங்க, வரேன்."

சீருடையை வைத்துப் பள்ளியைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமாக இல்லை. சைக்கிளைத் துணி மூட்டைகளின் மேல் ஏற்றிக்கொண்டு அக்கா முன்னே போக, காவலர் பின்னே வந்தார். தலைமை ஆசிரியை ஐந்தாம் வகுப்புக்கு அழைத்துப் போனார். "சைக்கிள்ல இருந்து விழுந்தது யாரு?" என்று காவலர் கேட்டதும் பதினொரு கைகள் உயர்ந்தன. ஒருவன் முழங்கால் தழும்பைக் காட்டவே ஆரம்பித்துவிட்டான்.

கை தூக்காத ஒருத்தி, கடைசி பெஞ்சில் இடது கையால் கோழிக் கிறுக்கலாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"எதுக்குடா கண்ணு ஓடின?"

சிறுமியின் உதடு பிதுங்கியது. "அண்ணன் சைக்கிளக் கேக்காம எடுத்துட்டு வந்தேன். பயத்துல ஓடிட்டேன். ஓடின அப்புறம்தான் மிஸ் சொன்னது ஞாபகம் வந்துச்சு. இடிச்சிட்டு ஓடினா பத்து வருஷம் ஜெயில். நான்தானே உங்க வண்டில இடிச்சேன்? வெளிய வரும்போது எனக்கு இருபது வயசு ஆகிடும்."

காவலர் மீசையைத் தடவிச் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. "சின்னப் பிள்ளைங்கள யாரும் ஜெயில்ல போடமாட்டாங்கம்மா. அது வண்டி ஓட்டுற பெரியவங்களுக்கு."

"அப்ப ஆன்டிக்கா?" சிறுமி பதறிப்போய் அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "அவங்க ஹாரன் அடிச்சாங்க சார். நான்தான் நிக்கல."

"அவங்க நின்னாங்களே. அதனாலதான் இங்க இருக்காங்க."

தலைமை ஆசிரியை போன் போட, தையல் கூடத்தில் வேலை செய்யும் சிறுமியின் அம்மா, தோளில் அளவு நாடா தொங்க ஓடிவந்தாள். காவலர் விடைபெற, அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போக வேனில் ஏறினார்கள். வழியில் முதலாளி போனில் கத்தினார், விரிப்பு இன்னும் வரவில்லையென்று. "விரிப்போட ஒரு நோயாளியையும் சேத்தே கொண்டு வரேன் சார்" என்றாள் அக்கா.

மணிக்கட்டு எலும்பில் மெல்லிய விரிசல். "மறைச்சு வச்சிருந்தா கோணலா சேந்திருக்கும். நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க" என்றபடி டாக்டர் கட்டுப் போட்டார். கட்டு முடியும்வரை மகளைத் திட்டிக்கொண்டிருந்த அம்மா, வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்தாள்.

"நீங்க பாட்டுக்குப் போயிருந்தா, இவ வாயத் திறந்திருக்கவே மாட்டா."

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரி கேன்டீனில் மூன்று பேருக்கும் பன் வாங்கினாள். சிறுமி தன்னுடையதைத் தின்று முடித்து, அம்மாவுடையதில் பாதியையும் தின்றுவிட்டு, வீட்டுக்குப் போகும்போது வேனில் ஜன்னலோரம் யார் உட்காருவது என்று கேட்டாள்.