வீட்டுக்காரர் பெயர் என்ன?

அரியலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பெட்பான் எடுப்பதில் தொடங்கிய என் வேலை, இருபத்துமூன்று வருடத்தில் பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஏ.சி. அறைக்கு வந்து சேர்ந்தது. கதவில் 'மணிமொழி, நர்சிங் கண்காணிப்பாளர், நோயாளிகள் பாதுகாப்பு' என்று பலகை. நான் எழுதிய விதிகள் வார்டு வார்டாகச் சுவரில் தொங்கின. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு, மறைப்பானேன்.

ஊசி போடுமுன் நோயாளியிடம் பெயரும், தகப்பன் அல்லது கணவன் பெயரும் கேட்க வேண்டும் என்பது ஒரு விதி. தவறு நடந்தால் மறைக்காமல் படிவத்தில் எழுதித் தர வேண்டும், எழுதியவருக்கு வேலை போகாது என்பது இன்னொன்று. முப்பது நர்ஸ் பிள்ளைகளை உட்காரவைத்து, "உங்க வேலைக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பெண்கள் வார்டில் இரண்டு கலியம்மாள்கள் இருந்தார்கள். ஒருவர் சர்க்கரை நோயாளி, அங்கமுத்துவின் மனைவி. மற்றவர் குன்னத்திலிருந்து காய்ச்சலோடு வந்தவர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமே ஆன வினோதினி, இன்சுலின் ஊசியோடு குன்னத்துக் கலியம்மாளிடம் போய் விதிப்படியே கேட்டிருக்கிறாள். அந்த அம்மாளுக்கு அறுபது வயது. தாலி கட்டிய நாள் முதல் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறார். "அங்கமுத்துங்களா?" என்று இவளே எடுத்துக் கொடுக்க, வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு இவள் ஊசியைப் போட்டுவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாளுக்கு வியர்த்துக் கொட்டி மயக்கம் வந்தது. சரியாகச் சாப்பிடாததால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று நினைத்து டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். தனக்கு ஏன் இன்னும் ஊசி போடவில்லை என்று மற்ற கலியம்மாள் கேட்டபோதுதான் வினோதினிக்கு விஷயம் புரிந்தது. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாள். படிவத்தை எழுதி என் மேசையில் வைத்தாள். நோயாளி வீட்டாரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதும் என் விதிதான். சொன்னோம்.

எனக்கு அவள் மேல் கோபமே வரவில்லை. கோபமெல்லாம் என் மேல்தான். ஆண்டிமடத்தில் என் அம்மாவும் அப்பா பெயரைச் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வாள். அதைப் பார்த்து வளர்ந்த நான், எங்கேயோ பயிற்சியில் கொடுத்த தாளைப் பார்த்து விதி எழுதியிருக்கிறேன்.

தவறு விதியில் இருக்கிறது, விதி என்னுடையது என்று நிர்வாகி வேணுகோபாலிடம் சொன்னேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். நோயாளியின் மகன் வக்கீலோடு வந்து போனதாகவும், யாரையாவது வேலையை விட்டு அனுப்பினால்தான் அடங்குவான் என்றும் சொன்னார்.

"நீங்க போனா ஆஸ்பத்திரி மேல தப்புன்னு ஆயிடும். அந்தப் பொண்ணு போனா பொண்ணு மேல தப்பு. கையெழுத்துப் போடுங்க மேடம்."

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி. ராஜினாமா செய்கிறேன் என்றேன். செய்தாலும் வினோதினியை நீக்கும் உத்தரவு போகத்தான் போகும், வேறொருவர் கையெழுத்தில், என்றார். அது உண்மை. கையெழுத்துப் போட்டேன். அத்தனை வருடப் படியேற்றமும் இந்த ஒரு கையெழுத்துக்குத்தானா?

வினோதினி வந்தாள். அழவில்லை. உத்தரவை இரண்டு தரம் படித்தாள்.

"நான் சொல்லாம, எழுதாம இருந்திருந்தா, யாருக்காச்சும் தெரிஞ்சிருக்குங்களா மேடம்?"

திறந்த கதவுக்கு வெளியே அடுத்த ஷிப்ட் பிள்ளைகள் நாலு பேர் நின்றிருந்தார்கள். பொய் சொல்லிவிடலாம் என்று இருந்தது.

"தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன்.

அவள் "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நாலு பேரும் என் பதிலைக் கேட்டுக்கொண்டு வார்டுக்குப் போனார்கள்.