படிக்க முடியாத பட்டியல்

அது எண்பத்துநான்கின் கடைசியா, எண்பத்தைந்தா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மழை பெய்ததாக நினைவு. ஊட்டியில் அதை வைத்து எந்த மாதத்தையும் கண்டுபிடிக்க முடியாது. தெய்வம்மா மூன்று முறை வந்தாள் என்பது மட்டும் நிச்சயம்.

இலங்கையிலிருந்து முன்னதாக வந்து சேரங்கோட்டுத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள் அவள். கணவன் பழனியாண்டி பின்னால் வரவேண்டும். கப்பலில் வந்து முகாமில் இறங்கியவர்களின் பட்டியல், தாயகம் திரும்பியோருக்கான ஊட்டியின் சிறிய அலுவலகத்துக்கு ஃபிளாப்பித் தட்டுகளில் வரும். கோயமுத்தூர்க்காரி தங்கமணி அதைக் கம்ப்யூட்டரில் தேடிச் சொல்வாள்.

"இல்லீங்க அக்கா. இந்தத் தடவையும் இல்லீங்க."

"நல்லாக் கேளுங்க தாயி. எங்க ஆளு ஒரே கூப்பாட்டுல பதில் சொல்ல மாட்டாரு."

மூன்றாம் முறை தட்டு கரகரவென்று சத்தம் போட்டது. "மெஷினுக்கும் குளிருதாட்ட இருக்குதுங்க. ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போடுங்க" என்றார் பியூன் மயில்சாமி. தெய்வம்மாகூடச் சிரித்தாள். பதில் மாறவில்லை.

இலங்கையில் அவன் இருந்த லயத்தை, தோட்டக் குடியிருப்பு வரிசையை, கொளுத்திவிட்டதாக ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. இனி என்ன காத்திருப்பது என்றார்கள் சொந்தக்காரர்கள். டிசம்பர் முதல் வாரத்தில் காரியம் செய்து தாலியைக் கழற்றினாள்.

பொங்கல் கழிந்து ஒருநாள், எதிர்க்கடையில் பரோட்டா போடும் வேலுசாமியின் பெயரைத் தங்கமணி விளையாட்டாகத் தட்டினாள். அவனும் கப்பலில் வந்து முகாமில் இறங்கியவன்; பட்டியலில் பெயர் இருந்தே ஆகவேண்டும். திரை 'இல்லை' என்றது.

தேடல் முடியும்போது கம்ப்யூட்டர் ஓர் எண்ணை விட்டுவைக்கும். பூஜ்யம் என்றால் பெயர் உண்டு. ஒன்று என்றால் இல்லை. இரண்டு என்றால் பட்டியலைப் படிக்கவே முடியவில்லை. 'எண் ஒன்று என்றால், இல்லை என்று காட்டு' என்று கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதியவள் தங்கமணிதான். அந்தக் கம்ப்யூட்டரோ ஒன்றையும் அதற்கு மேலுள்ள எல்லாவற்றையும் ஒன்று என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எண்ணைத் திரையில் காட்டச் சொன்னாள். இரண்டு. உறையிலிருந்து எடுத்துப் பார்த்தால் தட்டு முழுக்கப் பூஞ்சை.

முகாமிலிருந்து பட்டியலைக் காகிதத்தில் வரவழைத்தாள். பழனியாண்டி செப்டம்பரிலேயே வந்திருந்தான். 'கேட்டு யாரும் வரவில்லை. டிசம்பர் இருபதில் வெளியேறினார்' என்று பக்கத்தில் குறிப்பு.

அடுத்த பஸ்ஸில் சேரங்கோடு போனாள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தெய்வம்மா கூடையை இறக்கவில்லை.

"நான் கேட்டேனே தாயி."

"கேட்டீங்க அக்கா. நான்தான் தப்பா எழுதிப்போட்டேன்."

"அவருக்கு அது தெரியாதே."

பழனியாண்டி குடகில் காப்பித் தோட்டமொன்றில் சேர்ந்ததாக ஒருவர் சொன்னார். பெண்கள் இருவரும் போய்த் தேடினார்கள்; அங்கே இல்லை. அவன் கடைசிவரை கிடைக்கவில்லை. தெய்வம்மா இன்னும் பதினோரு வருடம் கொழுந்து பறித்து, சேரங்கோட்டிலேயே இறந்தாள். மயில்சாமி ஓய்வுபெற்று மகளோடு கேத்தியில் இருந்தார். தங்கமணி மாற்றல் கேட்டு வாங்கிக் கோயமுத்தூர் போனாள். அதன்பின் கம்ப்யூட்டர் வேலை பார்க்கவில்லை.