அக்கா அமைதியா இருக்காங்களாம்

"அம்மா அமைதியா இருக்காங்க சின்னம்மா. இப்பதான் வூடு வூடா இருக்குது."

வெற்றிவேல் போனில் சொன்னதை நம்பித்தான் சாந்தம்மாள் நெல்லிவாசலில் இன்னும் மூன்று நாள் தங்கிப் புளி உலுக்கினாள். மறதி நோய் வந்த அக்கா குப்பம்மாளை அவனிடம் விட்டுவந்தபோது, "அம்மா மொகம் வாடுனாலே ஒடனே கூப்புடுவேன்" என்று சத்தியம் பண்ணியவன் அவன்.

நான்காம் நாள் வந்து பார்த்தாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கணுக்காலில் ஆட்டுக்குக் கட்டும் மணி.

"இன்னாடா இது?"

"எங்கனா எழுந்து போய்ட்டா தெரியணுமேன்னு கட்டுனேன். மூணு நாளா சத்தமே இல்ல. சரி, நல்லாத்தான் இருக்காங்கன்னு..."

"அக்கா, நான் யாரு?"

கண் திறந்தது. பார்வை எங்கோ நின்றது. போன வாரம்கூட, பேர் வராவிட்டாலும் தங்கை முகத்தைப் பார்த்துச் சிரித்தவள்.

கட்டிலில் இருந்து அக்கா புருஷன் ராஜாக்கண்ணு சொன்னார்: "அவ கஞ்சியே குடிக்கல."

"அப்பாவுக்கு இன்னா தெரியும்? காலைல தின்னதே மறந்துடுவாரு."

"உங்கப்பன் தை மாசம் புத்தி கலங்கிக் கத்துனப்ப மட்டும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவ ஒரு மணி நேரத்துல ஜீப்பு வந்துச்சே?"

"அவரு கொடுவாளத் தூக்கினாரு சின்னம்மா! ஊரே கூடிடுச்சு."

"ஓ. இவளும் தூக்கியிருக்கணும்."

மணிக்கயிற்றை அறுத்தாள். தான் வந்த ஜீப்பில் ஏற்றியிருந்த புளி மூட்டைகளை இறக்க வைத்து, அக்காவை மடியில் கிடத்திக்கொண்டு மலையிறங்கினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கவியா கண்ணை விரித்துப் பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார்.

"ஒடம்புல தண்ணியே இல்ல. காய்ச்சலும் இருக்கு. இது மறதி இல்லம்மா, அதுமேல திடீர்னு வர்ற குழப்பம். ஆம்பளைங்களுக்கு வந்தா பெரும்பாலும் கத்துவாங்க, அடிப்பாங்க. தூக்கினு வந்துடறீங்க. பொம்பளைங்க பல பேரு இப்படி அடங்கிப் போய்டுவாங்க. எத்தினி நாளா இப்படி?"

"இன்னிக்குக் காலைலருந்துதான் மேடம்" என்றான் வெற்றிவேல்.

சாந்தம்மாள் திரும்பி அவனைப் பார்த்தாள். இடுப்பில் வைத்து அவள் சோறூட்டிய பிள்ளை.

"மூணு நாளும்மா. எழுதிக்க."

"சின்னம்மா, அது வந்து..."

"வாய மூட்றா. அவளுக்குப் போற மருந்து கூடவா உன் பொய்யக் கேட்டுப் போவணும்?"

டாக்டர் எழுதினார்.

"பொழைச்சுக்குவாளா தாயி?"

"மொத நாளே வந்திருந்தா தைரியமா சொல்லியிருப்பேன். இப்ப, பாக்கலாம்."

வெற்றிவேல் அழ ஆரம்பித்தான். சாந்தம்மாள் நாற்காலியை அக்கா பக்கமாக இழுத்துப் போட்டு, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.